காகிதப் பட்டை இல்லாத பெட்டி

அத்தியாயம் பதினொன்று

புதன்கிழமை மாலை மூன்று மணிக்கு எங்கள் வீட்டில் தரை முழுக்கப் பாய் விரித்த அறையில் இருந்தவர்கள் ஐந்து பேர். நான், கட்சுபே தொகியே. என் தம்பி யசுஹிகோ. அவன் மனைவி மாகி. அவர்களுடைய ஒரே மகள் சுஸுனா, வயது பதினைந்து. சிறார் வழக்குகளையும் பார்க்கும் குடும்ப நீதிமன்றத்திலிருந்து வந்த விசாரணை அதிகாரி அடாச்சி. நாலு மணிக்கு மேல் ஆறாவதாக ஒருத்தி வந்தாள். அவளை யாரும் அழைக்கவில்லை. பெயரை அவள் வரும்போது சொல்கிறேன்.

போலீஸ்காரர் யாரும் வரவில்லை. எதிர் வீட்டு அம்மாள் ஜன்னல் வழியாகப் பார்த்த நீலச் சட்டைக்காரர் தண்ணீர் மீட்டர் பார்க்க வந்தவர்.

சொன்னதைத் திரும்பச் சொல்வது என் பழக்கம் இல்லை. ஆனாலும் புதிதாக வருகிறவர்களை வாசலில் நிற்க வைப்பது மரியாதை ஆகாது. ஆகவே சுருக்கமாகச் சொல்கிறேன். பாலத்தடி மிட்டாய்க் கடையில் சுஸுனாவும், இபுகி என்ற பதினாறு வயதுப் பெண்ணும் சேர்ந்து மூன்று பெட்டி மிட்டாய் திருடினார்கள். சுஸுனா கல்லாவுக்கு முன்னால் நின்று, "அத்தை உங்களை ரொம்ப விசாரிச்சாங்க" என்று பேச்சுக் கொடுப்பாள். அந்த நேரத்தில் இபுகி முன் அடுக்கிலிருந்து ஒரு பெட்டியை எடுத்துப் பைக்குள் வைப்பாள். வாரத்துக்கு ஒன்றாக மூன்று வாரம். மூன்றாவது முறை கடை வேலைக்காரப் பெண் பார்த்துவிட்டு போலீசுக்குப் போன் செய்தாள். அந்தப் பெட்டி இபுகியின் பையில் இருந்தது. முதல் இரண்டு பெட்டி என்ன ஆயிற்று என்று சுஸுனா யாரிடமும் வாய் திறக்கவில்லை.

என் விசாரிப்பைச் சொல்லித் திருடியிருக்கிறாள். நான் அந்தக் கடைக்காரியை விசாரித்து நாற்பது வருடம் ஆகிறது.

எங்கள் ஊர் மட்சுஎயில் மன்னிப்புக் கேட்கப் போகிறவர்கள் வெறுங்கையோடு போவதில்லை. பந்து பட்டு அடுத்த வீட்டுக் கண்ணாடி உடைந்தாலும் சரி, வங்கியில் கணக்குத் தவறினாலும் சரி, முதலில் பாலத்தடிக் கடைக்குத்தான் ஓடுவார்கள். சிவப்புப் பயறை அரைத்து, சர்க்கரை சேர்த்து, கறுத்துக் கெட்டியாகும் வரை கிளறிய மிட்டாய். மரப்பெட்டி. அதன் மேல் மரியாதைக்குச் சுற்றும் வெள்ளைக் காகிதப் பட்டை. நான் தபால் நிலையத்தில் முப்பத்தெட்டு வருடம் வேலை பார்த்தேன். தவறிப்போன ஒவ்வொரு பதிவுத் தபாலுக்கும் அந்தப் பெட்டியோடு போய்த் தலை குனிந்திருக்கிறேன். எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஐந்து வயதிலேயே சொல்லிக் கொடுப்போம்: கையில் பெட்டி இல்லாத மன்னிப்பு மன்னிப்பே இல்லை, பெட்டி என்றால் பாலத்தடிக் கடைப் பெட்டி.

இப்போது எங்கள் சங்கடம் புரிந்திருக்கும். திருட்டு நடந்து பத்து நாள் ஆகியும் கட்சுபே வீட்டிலிருந்து ஒருவரும் அந்தக் கடைக்குப் போய் மன்னிப்புக் கேட்கவில்லை. எந்தப் பெட்டியை எடுத்துக்கொண்டு போவது? அவர்கள் கடையிலேயே வாங்கி அவர்களுக்கே கொடுப்பதா? ஸ்டேஷன் எதிரில் இருக்கும் கடையில் வாங்கினால் அது மன்னிப்பு இல்லை, அவமரியாதை. கடைசியில் நான் போகவே இல்லை.

புதன் காலையில் நான் முடிவைச் சொன்னேன்.

"ஒகாயாமால நம்ம சித்தப்பா பையன் வீட்ல பேசிட்டேன். அவன் வாள் பயிற்சிப் பள்ளி நடத்தறான். அஞ்சு மணிக்கு எழுந்திருக்கற வீடு. அங்கேயே பள்ளிக்கூடத்துல சேர்த்துடலாம். அந்த அதிகாரி கிட்ட இன்னைக்கே சொல்லிடறேன். வீடு பொறுப்பா இருக்குன்னு அவங்களுக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும்."

மாகி பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஒரே கிண்ணத்தை மூன்று முறை துடைத்தாள்.

"அண்ணி, அவ கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு..."

"கேட்டா பதில் சொல்றாளா? பத்து நாளா வாயில பூட்டு."

"யசு, நீங்களாவது சொல்லுங்களேன்," என்று அவள் என் தம்பியைப் பார்த்தாள்.

யசுஹிகோவுக்கு வயது நாற்பத்தொன்பது. ஆஸ்பத்திரி மருந்துக் கிடங்கில் இருநூறு பேர் அவன் கையெழுத்துக்காகக் காத்திருப்பார்கள். வீட்டில் அவன் கையெழுத்தை நான் போட்டுவிடுவேன்.

"அக்கா சொன்னா சரியாத்தான் இருக்கும்," என்றான்.

அடுத்த சிக்கல், வரும் அதிகாரிக்குத் தேநீரோடு என்ன இனிப்பு வைப்பது என்பது. இந்த ஊரில் இனிப்பு இல்லாமல் பச்சைத் தேநீர் வைத்தால், சீக்கிரம் கிளம்பு என்று சொன்னதாக அர்த்தம். பாலத்தடிக் கடைப் பக்கம் தலை காட்ட முடியாது. மாகி சைக்கிளை எடுத்துக்கொண்டு தெருமுனை இருபத்துநாலு மணி நேரக் கடைக்குப் போய்த் திரும்பினாள். பிளாஸ்டிக் கிண்ணத்தில் மஞ்சளாக ஏதோ ஆடியது.

"என்ன இது?"

"புட்டிங், அண்ணி."

"நீதிமன்றத்துக்குப் புட்டிங்கா?"

"சீனத்தட்டுல கவுத்து வெச்சுட்டா தெரியாது அண்ணி."

தெரிந்தது.

அடாச்சி மூன்று மணிக்குச் சரியாக வந்தார். முப்பது வயதுகூட ஆகாத பெண். காலணியைக் கழற்றி, அதன் முனை வாசலைப் பார்க்கத் திருப்பி வைத்தார். இடது காலுறையில் பெருவிரலுக்கு மேல் கையால் போட்ட தையல். நல்ல தையல். இவர் பரவாயில்லை என்று நினைத்தேன்.

"கட்சுபே அம்மா, நான் தீர்ப்பு சொல்ல வரல. தெரிஞ்சுக்கத்தான் வந்திருக்கேன்," என்று ஆரம்பித்தார். "சுஸுனா ராத்திரி யாரோட சாப்பிடறாங்க?"

"ஆறரை மணிக்கு எல்லாரும் ஒண்ணா சாப்பிடறது எங்க வீட்டு வழக்கம்," என்றேன்.

"எல்லாரும்னா?"

இது நான் எதிர்பார்க்காத கேள்வி. யசுஹிகோ ஒன்பது மணிக்கு வருவான். மாகிக்கு முதியோர் இல்லத்தில் மாலை முறை.

"நானும் அவளும்."

"என்ன பேசிப்பீங்க?"

"சாப்பிடும்போது பேசறது எங்க வழக்கம் இல்ல."

"பேசுவாங்க," என்று ஒரு குரல் வந்தது. பத்து நாள் கழித்து சுஸுனா வாய் திறந்தாள். "'நிமிர்ந்து உட்காரு'ன்னு."

அடாச்சி அதை எழுதிக்கொண்டார். எழுத வேண்டிய அவசியம் என்ன என்று எனக்குப் புரியவில்லை.

"பள்ளிக்கூடத்துல மத்தியானம்?"

"தோழிகளோடதான் சாப்பிடுவா," என்றாள் மாகி அவசரமாக. "தினம் டப்பா கட்டித் தர்றேன். ஒரு பருக்கை மிச்சம் வைக்காம காலி பண்ணிட்டு வருவா."

சுஸுனா பாயின் ஓரத்துணியை விரலால் நீவிக்கொண்டிருந்தாள். "மே மாசத்துலேந்து யாரும் என்னோட சாப்பிடறதில்ல. போன்ல வகுப்புப் பொண்ணுங்க குழு ஒண்ணு இருக்கு. அதுலேந்து என்னை எடுத்துட்டாங்க. ஏன்னு தெரியாது. எடுத்தவளுக்கே தெரியாதுன்னு நினைக்கிறேன்."

"அப்ப டப்பா?" என்றார் அடாச்சி.

"பள்ளிக்கூடம் விட்டதும் ஏரிக்கரைக்கு எடுத்துட்டுப் போவேன். இபுகியும் நானும் பாதிப் பாதி."

மாகி கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் கேட்டது வேறு. "அதனாலதான் முட்டை ரோல் ரெண்டு கூடுதலா வைக்கச் சொன்னியா?"

"அவளுக்கு உன் முட்டை ரோல்னா உயிர்."

"அடிப்பாவி, சொல்லியிருந்தா வெங்காயத்தாள் போட்டு நல்லா சுருட்டித் தந்திருப்பேனே!"

பேச்சு எங்கேயோ போவது எனக்குப் பிடிக்கவில்லை. முதுகை இன்னும் கொஞ்சம் நிமிர்த்தினேன்.

"பாருங்க. எங்க வீட்ல இருநூறு வருஷமா யார் மேலயும் ஒரு புகார் கிடையாது. கண்டிப்பு இல்லாத வீட்டுப் பொண்ணுங்க கெட்டுப் போகுதுங்க, அதுங்களோட சேர்ந்து நல்ல வீட்டுப் பொண்ணும் கெட்டுப் போகுது. வேற காரணமே கிடையாது. அதனாலதான் இவளை ஒகாயாமாவுக்கு அனுப்பறோம். சொந்தக்காரங்க வீடு. கண்டிப்பான வீடு. ஞாயித்துக்கிழமை கிளம்பறா."

அடாச்சி அதையும் எழுதினார். பிறகு, "இது சுஸுனாவுக்குத் தெரியுமா?" என்றார்.

நான் பதில் சொல்வதற்குள் சுஸுனா சொன்னாள். "தெரியும். நம்ம வீட்டுச் சுவர் மெல்லிசு." பிறகு இன்னும் மெல்லிய குரலில், "நான் போயிட்டா இபுகிக்குப் பாதி டப்பா கிடையாது," என்றாள்.

யசுஹிகோ புட்டிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் மூச்சுவிட்டால் அது ஆடியது.

"நான் ஆறு வருஷமா இந்த வேலைல இருக்கேன்," என்றார் அடாச்சி. "என் மேஜைக்கு வர்ற பையன்கள்ல நிறையப் பேரு, தான் யாருன்னு காட்டத் திருடினவங்க. பொண்ணுங்க அப்படி இல்ல. பாதிப் பேரு யாரையோ விட்டுடக் கூடாதுன்னு திருடினவங்க. கண்டிப்பான வீட்லேந்தும் வந்திருக்காங்க, கதவே இல்லாத வீட்லேந்தும் வந்திருக்காங்க. என் கணக்குல அது பெரிய வித்தியாசமா தெரியல." குறிப்பேட்டைப் புரட்டினார். "எனக்கு இன்னும் ஒண்ணு மட்டும் பிடிபடல. சுஸுனா, அந்த முதல் ரெண்டு பெட்டி. நீங்க ரெண்டு பேரும் அதைத் தின்னீங்களா?"

"இல்ல."

"வித்தீங்களா?"

"இல்ல."

"அப்புறம்?"

பூட்டு மறுபடி விழுந்துவிட்டது. அப்போதுதான் வாசல் கதவு நகர்ந்தது.

"யாராவது இருக்கீங்களா?" என்ற குரலைக் கேட்டதும் என் கழுத்து விறைத்தது. ஐம்பது வருடத்துக்கு மேலாகத் தெரிந்த குரல்.

ஃபுகுமா ஹிசாகோ. பாலத்தடிக் கடையின் சொந்தக்காரி. எட்டாம் வகுப்பில் எனக்குப் பின் வரிசையில் உட்கார்ந்திருந்தவள். மாவட்ட எழுத்துப் போட்டியில் முதல் பரிசு வாங்கியவள். இரண்டாம் பரிசு யாருக்கு என்று சொல்ல வேண்டியதில்லை. மழையில் நனைந்த குடையை மடக்கி, துணியில் கட்டிய ஒரு மூட்டையோடு நேராக அறைக்குள் வந்து உட்கார்ந்தாள்.

"நீதிமன்றத்து அம்மாவா? நல்லதாப் போச்சு. நான் சொல்றதையும் எழுதிக்குங்க," என்று மூட்டையை அவிழ்த்தாள்.

உள்ளே இரண்டு மரப்பெட்டிகள். அவள் கடைப் பெட்டிகள்தான்.

"திருட்டுச் சேதி காதுல விழுந்ததும், இதை நேத்து ரெண்டு பேரு என் கடைக்குக் கொண்டாந்து குடுத்தாங்க. ஒண்ணு எழுதுபொருள் கடைக்காரர். இன்னொண்ணு செருப்புக் கடை மொரியாமா. மொரியாமா பாதியைத் தின்னுட்டார். பாதி தின்ன பெட்டியைத் திருப்பிக் குடுக்கறது மரியாதை இல்லைன்னு ஒரு மணி நேரம் என் கிட்ட மன்னிப்புக் கேட்டார். கையில என் பெட்டியையே வெச்சுக்கிட்டு!"

மாகிக்குச் சிரிப்பு வந்து, இருமலாக மாற்றிக்கொண்டாள்.

"அவங்க கிட்ட எப்படிப் போச்சு?" என்றான் யசுஹிகோ.

"இந்தப் பொண்ணுங்கதான் கொண்டுபோய்க் குடுத்திருக்குங்க. அந்தப் பெரிய பொண்ணு போன குளிர்காலத்துல மொரியாமா கடைல ஒரு ஜோடி ஷூவை எடுத்திருக்கா. எவனோ ஒருத்தன் எடுக்கச் சொன்னானாம். எழுதுபொருள் கடையிலயும் எடுத்திருக்கா, ஒப்பனைச் சாமான் கடையிலயும் எடுத்திருக்கா. இப்ப அவனும் இல்ல, ஷூவும் இல்ல. அவளுக்கு மனசு உறுத்தியிருக்கு. மூணு கடைக்கும் போய் மன்னிப்புக் கேக்கணும்னு நினைச்சிருக்கா. மூணு கடைக்கு மூணு பெட்டி." ஹிசாகோ விரலை மடக்கினாள். "மொரியாமா கடைக்குள்ள ரெண்டும் போய், தரை வரைக்கும் குனிஞ்சு, ரெண்டு கையாலயும் பெட்டியை நீட்டி, 'தப்புப் பண்ணிட்டோம், மன்னிச்சிடுங்க'ன்னு சொல்லியிருக்குங்க. அந்த மனுஷன் முப்பது வருஷத்துல அப்படி ஒரு மன்னிப்பைப் பாத்ததில்லையாம். உடனே மன்னிச்சுட்டார். ராத்திரி பெட்டியைத் திறந்து தின்னும்போதுதான் ஏதோ குறையுதேன்னு பட்டிருக்கு."

எனக்கு அடக்க முடியவில்லை. "காகிதப் பட்டை?"

"இல்ல."

"பட்டை இல்லாமயா நீட்டினாங்க!"

"காசு குடுத்து வாங்கினாத்தானே தொகி, நான் பட்டை சுத்தித் தருவேன். அடுக்குல இருக்கற பெட்டிக்கு ஏது பட்டை?"

திருடியதைவிட, பட்டை இல்லாத பெட்டியை ஒரு பெரிய மனிதரிடம் நீட்டியதுதான் அந்த ஒரு நிமிடம் எனக்கு அதிக வெட்கமாக இருந்தது. இதை மறைத்து எழுதி என்ன பயன்?

"மன்னிப்புக் கேக்கறதுக்காகத் திருடினீங்களா?" என்றார் அடாச்சி. பேனா நின்றுவிட்டது.

"எனக்கும் அதான் ஆச்சரியம்," என்றாள் ஹிசாகோ. "மொரியாமாவும் கேட்டிருக்கார். ஏம்மா, சின்னப் பொண்ணுங்க, வாயால சொன்னாப் போதாதா, இவ்வளவு பெரிய பெட்டி எதுக்குன்னு. அதுக்கு இந்தச் சின்னது சொன்ன பதிலை அவர் அப்படியே ஒப்பிச்சார். 'கையில பெட்டி இல்லாத மன்னிப்பு மன்னிப்பே இல்லை. பெட்டின்னா பாலத்தடிக் கடைப் பெட்டி.'"

நாலு பேரும் என்னைப் பார்த்தார்கள். சுஸுனா மட்டும் பார்க்கவில்லை.

"எங்க கிட்ட கேட்டிருந்தா வாங்கித் தந்திருக்க மாட்டோமா?" என்றான் யசுஹிகோ.

"எதுக்குன்னு கேப்பீங்க அப்பா. இபுகிக்குன்னு சொன்னா, எந்த இபுகின்னு அத்தை கேப்பாங்க. எந்தத் தெரு, அப்பா என்ன வேலைன்னு கேப்பாங்க. அவளுக்கு அப்பா இல்ல. அம்மா எப்ப வருவாங்க, எப்ப போவாங்கன்னு அவளுக்கே தெரியாது. அப்புறம் அவளைப் பாக்கக் கூடாதுன்னு சொல்லிடுவீங்க." மூச்சுவிடாமல் சொன்னாள். "என் கிட்ட அவ்வளவு காசும் இல்ல. ஒரு பெட்டி வாங்கற காசு இருந்தா மூணு மாசம் நான் ராணி."

"சரி, போலீஸ்லயாவது இதைச் சொல்லித் தொலைச்சிருக்கலாமே!" என்றாள் ஹிசாகோ. "நான் பத்து நாளா என் வேலைக்காரப் பொண்ணோட சண்டை போட்டுட்டு இருக்கேன்."

"சொன்னா இபுகி பழசெல்லாம் வெளில வரும்."

"அது எனக்கு முன்னமே தெரியும்," என்றார் அடாச்சி மெதுவாக. "யார் சொன்னாங்கன்னு நான் சொல்லக் கூடாது. ஆனா அதை நீங்க இனிமே சுமக்க வேண்டாம்."

சுஸுனா தலையை நிமிர்த்தினாள். கண் நிறைந்திருந்தது. "அப்ப அவளே சொல்லிட்டாளா... ஆனா அது மட்டும் இல்ல. பெட்டி விஷயத்தைச் சொல்லக் கூடாதுன்னு அவதான் சொன்னா. 'அது உங்க அத்தை சொல்லிக் குடுத்ததுன்னு தெரிஞ்சா ஊர் சிரிக்கும். உங்க வீட்டுக்குக் காப்பாத்தறதுக்கு ஒரு பேர் இருக்கு. எனக்கு அந்தத் தொல்லை இல்ல. நான் ஆசைக்குத் திருடினேன்னு சொல்லிடறேன்'னா."

அறுபத்தேழு வருடமாக நான் காத்துவரும் பெயரை, நான் முகம்கூடப் பார்க்காத ஒரு பெண், எந்த வீடு என்று நான் கேட்டுத் துரத்தியிருக்கக்கூடிய ஒரு பெண், பத்து நாளாகப் போலீஸ் முன்னால் காப்பாற்றியிருக்கிறாள்.

"அவளோட ஏன் அப்படி ஒட்டிக்கிட்டே?" என்று கேட்டேன். கோபமாகக் கேட்க நினைத்தேன். குரல் அப்படி வரவில்லை.

சுஸுனா கொஞ்சம் யோசித்தாள். "ஏரிக்கரைல நான் தனியா உட்கார்ந்திருந்தப்ப வந்து, சாப்பிட்டியான்னு கேட்டா. அவ ஒருத்திதான் என்னை நிமிர்ந்து உட்காருன்னு சொல்லல."

நான் உட்கார்ந்திருந்த பஞ்சணையை விட்டு இறங்கினேன். ஹிசாகோவுக்கு நேராக மண்டியிட்டு, நெற்றி பாயில் படக் குனிந்தேன்.

சொல்ல வேண்டிய வார்த்தைகள் எனக்குத் தெரியும். ஆயிரம் முறை சொன்னவைதான். கைகள்தான் தடுமாறின. இத்தனை வருடமும் கைகளுக்குப் பிடித்துக்கொள்ள ஒரு பெட்டி இருந்தது. இப்போது அவற்றை எங்கே வைப்பது என்று தெரியாமல் பாயின் மேல் வெறுமனே வைத்தேன்.

"எங்க வீட்டுப் பொண்ணு உங்க கடைல திருடினா. அதுக்குக் காரணமான பேச்சு என்னுது. பத்து நாளா வரலை, அதுவும் என் தப்பு. மன்னிச்சிடுங்க."

பின்னால் துணி உரசும் சத்தம் கேட்டது. யசுஹிகோ குனிந்தான். மாகி குனிந்தாள். கடைசியாக சுஸுனா, என் பக்கத்தில் வந்து.

ஹிசாகோ எங்களை அப்படியே குனிய விட்டு வைத்தாள். அவளுக்கு அந்தக் காட்சி பிடித்திருந்தது என்று நினைக்கிறேன். என் இடத்தில் அவள் இருந்து அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் எனக்கும் பிடித்திருக்கும்.

"பெட்டி எங்கே, தொகி?"

"இல்ல."

"நல்ல வேளை. ஸ்டேஷன் கடைப் பெட்டியை நீட்டியிருந்தியானா இந்தக் குடையாலேயே ஒண்ணு வெச்சிருப்பேன்." அவள் குரல் இளகியது. "எழுந்திரு. உன் முட்டி தாங்காது. சின்னவளே, நீயும் எழுந்திரு. எனக்கு மிட்டாய் போனதுல வருத்தமில்ல. வந்து பேசுவியே, அத்தை விசாரிச்சாங்கன்னு. அதை நெஜம்னு நம்பி ரெண்டு ராத்திரி நான் சந்தோஷமா இருந்தேன் தெரியுமா? அதுக்குத்தான் கோபம்."

சுஸுனாவுக்கு அப்போதுதான் அழுகை வந்தது. எனக்கு வரவில்லை. கண்ணில் பாயின் தூசி விழுந்திருந்தது.

"எட்டாம் வகுப்புல என் மைப் புட்டியைத் தட்டிவிட்டதுக்கு இன்னும் மன்னிப்புக் கேக்கல நீ," என்றாள் ஹிசாகோ என்னிடம்.

"அது உன் முழங்கை."

"அதிகாரி அம்மா, இதை எழுதிக்குங்க. திருந்தல."

அவளுக்கும் தேநீர் வந்தது. தட்டில் இருந்ததைக் கரண்டியால் தட்டிப் பார்த்தாள். "என்ன இது?" என்று வாயில் போட்டாள். ஊரில் முதல் மிட்டாய்க் கடைக்காரி கண்ணை மூடினாள். "அட! நல்லாத்தான் இருக்கு. எந்தக் கடை?"

மாகி தெருமுனைக் கடையின் பெயரைச் சொன்னாள். ஹிசாகோ இரண்டாவதையும் கேட்டு வாங்கிக்கொண்டாள். அடாச்சிக்கு மட்டும் சட்டப்படி எதையும் தொட அனுமதி இல்லை. அவர் அதைப் பார்த்த பார்வையைக் காண எனக்குப் பாவமாக இருந்தது.

"அடாச்சி அம்மா," என்றேன். "ஒகாயாமான்னு எழுதினீங்களே. அதை அடிச்சிடுங்க."

"எழுதினதை அடிக்க முடியாது. கீழ சேர்க்கலாம். என்ன எழுதட்டும்?"

"இந்த வீட்லயே இருப்பான்னு."

"யார் சொன்னதா எழுதட்டும்?"

வழக்கம்போல நான் வாயைத் திறந்தேன். எனக்கு முன்னால் யசுஹிகோ பேசிவிட்டான்.

"அப்பா சொன்னதா எழுதுங்க. புதனும் வெள்ளியும் ஆறு மணிக்கு வீட்டுக்கு வந்துடுவேன், அதையும் எழுதுங்க. புது வருஷத்துக்கு அப்புறம் என் பொண்ணோட உட்கார்ந்து ஒரு வேளைகூடச் சாப்பிடல. அதையும்..." புட்டிங் தட்டைத் தள்ளி வைத்தான். "அதையும் எழுதுங்க."

மாகி அவனைப் புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்தாள். நானும்தான்.

"சுஸுனா, உங்களுக்குச் சம்மதமா?" என்று கேட்டார் அடாச்சி.

அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "நிமிர்ந்து உட்காரணுமா?"

"அதை நீதிமன்றம் தீர்மானிக்காது," என்றார் அடாச்சி.

"உட்காரணும்," என்றேன் நான். "ஆனா சாப்பிடும்போது பேசலாம்."

இந்த வீட்டில் இருநூறு வருடத்தில் மாறிய முதல் சட்டம் அது. அடாச்சி எழுதிக்கொண்டார். இம்முறை எதற்கு என்று எனக்குப் புரிந்தது.

விசாரணை இருபதாம் தேதி. முடிவு நீதிபதி கையில். அடாச்சி வாசலில் காலணி மாட்டும்போது ஒன்று சொன்னார். அன்று சுஸுனாவுக்குப் பக்கத்தில் மூன்று பெரியவர்கள் நிற்பார்கள். இபுகிக்குப் பக்கத்தில் நிற்க இதுவரை ஒருவரும் பெயர் கொடுக்கவில்லை. சொல்லிவிட்டுக் குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார். அதை ஏன் என்னைப் பார்த்துச் சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

மூன்றாவது மன்னிப்பும் பாக்கி. ஒப்பனைச் சாமான் கடைக்காரி மொரியாமாவைப் போல இளகுகிற ஆள் இல்லை. அவளிடம் பதிவுத் தபால் விஷயமாக நானே ஒரு முறை போய் வந்திருக்கிறேன்; பெட்டியை வாங்கி வைத்துக்கொண்டு கதவைச் சாத்தினாள்.

அன்று சாயங்காலம் சுஸுனாவிடம் சொன்னேன். "அந்தப் பொண்ணுக்குப் போன்ல எழுது. வெள்ளிக்கிழமை ராத்திரி நம்ம வீட்ல சாப்பாடு. எந்தத் தெரு, அப்பா என்ன வேலைன்னு யாரும் கேக்க மாட்டாங்க."

சுஸுனா எழுதினாள். என்னிடம் காட்டினாள். கடைசியில் அவளாக ஒரு வரி சேர்த்திருந்தாள்: 'எப்படி வேணா உட்காரலாம்.' நான் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டேன், படிக்காதது போல.

அனுப்பிய இரண்டாவது நிமிடம் இபுகி அதைப் படித்துவிட்டாள் என்று போன் காட்டியது. பதில் இல்லை. வியாழன் முழுவதும் பதில் இல்லை. இதை நான் எழுதும் வெள்ளி சாயங்காலம் வரை இல்லை. மாகி எதற்கும் இருக்கட்டும் என்று முட்டை கூடுதலாக வாங்கி வைத்திருக்கிறாள். வெங்காயத்தாளும்.

கடைசியாக ஒரு விஷயம். கட்சுபே வீட்டார் அவமானம் தாங்காமல் பெண்ணை ஒகாயாமாவுக்கு அனுப்பிவிட்டார்கள் என்று இன்று காலை மீன் சந்தையில் பேசிக்கொண்டார்களாம். ரயில் ஏறியதைப் பார்த்தவர்களே இரண்டு பேர் இருக்கிறார்களாம்.

அனுப்பவில்லை. அவள் எங்கள் அடுக்களையில் ஐந்து பேருக்கு ஏரிச் சிப்பி கழுவிக்கொண்டிருக்கிறாள்.